மூன்று பேர் நின்ற படம்

போன சனிக்கிழமை முற்றத்து இலைகளைக் கூட்டிக் கடதாசிப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தேன். கனடாவில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் வீடு வாங்கியவனுக்கு ஒக்டோபர் மாதத்தில் வேறு பொழுதுபோக்கு வாய்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காற்றூதும் யந்திரம் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு தன் இலைகளை என் பக்கத்துக்கு ஊதுகிறார். அவர் உள்ளே போன நேரம் பார்த்து நான் காலால் திருப்பித் தள்ளுகிறேன். நேரில் கண்டால் இருவரும் மிகுந்த மரியாதையோடு 'போன்ஜூர்' சொல்லிக்கொள்வோம். முதல்நாள் மழை பெய்திருந்தது. நனைந்த மேப்பிள் இலைக்கு ஒரு மணம் உண்டு, வடித்துவிட்டு மறந்துபோன தேயிலைச் சக்கை மாதிரி. ஒரு பையின் வாயை அமத்திக் குனிந்தபோது அது மூக்கில் ஏறியது. ஏறிய கையோடு நெஞ்சு படபடவென்று அடித்தது. எதற்கென்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது, இது பழைய பயம். மற்றவர்களுக்கு இந்த இலைகளைக் கண்டால் கவிதை வரும். எனக்கு விசா ஞாபகம் வரும்.

அந்த நாட்களில் நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குகனோடு இருந்தேன். குகனும் என்னைப் போல அகதியாக வந்தவன்தான். ஆனால் நான் கல்யாணம் கட்டியவன், அவன் கட்டாதவன். அந்த ஒரே காரணத்தால் என்னைவிட அழகாக இருந்தான். வீட்டில் ஒரு கட்டில், ஒரு மெத்தை, சூடேறினால் கிணுகிணுவென்று சத்தம்போடும் ஓர் இரும்பு ஹீட்டர், ஒரு நல்ல கோட். கோட் என்றால் குளிருக்குப் போடுகிற கோட் அல்ல, படத்துக்குப் போடுகிற கோட். எந்த வெள்ளைக்காரர் எந்தக் கல்யாணத்துக்குத் தைத்ததோ, ஒரு தேவாலயத்தில் பழைய உடுப்பு விற்றபோது குகன் அள்ளிக்கொண்டு வந்தான். பூச்சி உருண்டை மணம் அதைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. எங்கள் மாடியில் இருந்த பொடியன்கள் எல்லோரும் முறைவைத்து அதைப் போட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். யாழ்ப்பாணத்தில் இரண்டு அம்மாக்கள் சந்தையில் சந்தித்துப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் எங்கள் மானம் கப்பலேறியிருக்கும்.

படம் எடுப்பவர் சிவமண்ணை. துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை. எங்களில் காரும் கமராவும் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்; கார் கபில நிறத்தில், ஒரு வள்ளம் அளவு நீளம். இலை பழுக்கத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே மலைப்பக்கம் போவார். மனைவி ஜெகதா அக்கா முன் சீட்டில். அவர் மடியில் ரோல்ஸ் டப்பா, பிளேன்ரீ ஃபிளாஸ்க், ஒன்றரை வயது மகள் நிலா, அந்த ஒழுங்கில்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அந்தப் படங்கள் ஒன்றையும் நாங்கள் எங்களுக்காக எடுக்கவில்லை. எல்லாம் ஊருக்கு. கன்னத்தில் சதை இருக்கிறதா, நல்ல சப்பாத்துப் போட்டிருக்கிறானா என்று பார்க்க அங்கே கண்கள் காத்திருந்தன. மரங்களை அவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். என் அப்பா ஒரு முறை எழுதியிருந்தார்: 'நீ நிற்கிற இடத்தில் மரமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடா?'

வதனி அப்படிக் கேட்கமாட்டாள். வதனி என் மனைவி. திருச்சியில் கல்யாணம் நடந்தது. என் அகதிக் கடதாசியோடு இலங்கைக்குப் போக முடியாது என்பதால் பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்றாவது ஊர் ஒன்றில் சந்தித்துத் தாலி கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பறக்கிற காலம் அது. ஒரு மாதம்கூட முழுதாகச் சேர்ந்து இருக்கவில்லை. நான் திரும்பி வந்து ஸ்பொன்சர் செய்தேன். அவள் கொழும்பில், வெள்ளவத்தையில், கடலைப் பார்க்க இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். லொட்ஜ் முழுக்கப் பெண்கள். ஒருத்தி கனடாவுக்கு, ஒருத்தி சுவிஸுக்கு, ஒருத்தி லண்டனுக்கு, எல்லோருக்கும் சேர்த்து முகப்பு மேசையில் ஒரே ஒரு தொலைபேசி. பொலிஸ் அடிக்கடி வந்து தங்கியிருப்பவர்களின் பதிவு பார்க்கும். பதிவு இருந்தாலும் சில நாட்களில் ஏற்றிக்கொண்டு போகும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பப் பாதை கிடையாது. கொழும்பில் குண்டு வெடித்தது என்று வானொலியில் கேட்டால் நான் தொலைபேசி அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இணைப்புக் கிடைக்காது. கிடைக்கும்வரை ஒரு கவளம் சோறு இறங்காது. குகன் என் சோற்றுக் கோப்பையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வான். 'நீ பதறு மச்சான், நான் சாப்பிடுறன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேலை பாப்பம்.'

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஓர் ஏரிக்கரை. ஒரு தனி மேப்பிள், அடுப்புத் தணல் நிறத்தில். கோட் அன்றைக்குக் குகனுடைய முறை. கொழும்பில் ஒரு கல்யாணப் புரோக்கர் அவனுடைய படத்தை அவசரமாகக் கேட்டிருந்தார். நான் ஒரு பழைய ஸ்வெட்டரோடு நின்றேன். பிலிம் முடிகிற நிலை.

'தம்பி, நீ அந்த மரத்துக்குக் கீழ நில்லு,' என்றார் சிவமண்ணை. 'ஜெகதா, நீயும் போய்ப் பக்கத்தில நில்லு.'

'நான் ஏன்? அவர் தன்ர மனிசிக்கு அனுப்பப் போறார்.'

'தனிய நிண்டா மரண அறிவித்தல் படம் மாதிரிக் கிடக்குமடியப்பா. ஒரு துணைக்கு நில்லு.'

இது சிவமண்ணையின் கலைக் கொள்கை. ஒற்றை ஆளாகப் படம் பிடிப்பது பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போடுவதற்கு மட்டும்தான் என்று உறுதியாக நம்பினார். அக்கா வந்து நின்றார். குளிருக்குச் சால்வையைச் சரிசெய்யவென்று பிள்ளையை என் கையில் திணித்தார். அதுவரை என் வாழ்நாளில் நான் ஒரு பிள்ளையைத் தூக்கியதில்லை. ஒழுகுகிற மண்ணெண்ணெய்க் கானைப் பிடிப்பது போல, கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து, என் உடம்பில் படாமல் தூரப் பிடித்தேன்.

'அண்ணை, நில்லுங்கோ!' குகன் கத்தினான். 'மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கக் கூடாது!'

'பிள்ளையையும் சேர்த்தோ கணக்கு?'

'பிள்ளை ஆளில்லையோ அண்ணை? ஆருக்காவது ஏதும் நடந்தாப் பேந்து என்னைச் சொல்லக் கூடாது.'

'அப்ப நீயும் போய் நில்லு. நாலாகும். கெதியாப் போ, வெயில் போகுது.'

குகன் சீப்பை எடுத்துத் தலையை இழுத்துவிட்டு, என்னிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்சட்டைப் பைக்குள் ஒரு கையை விட்டபடி நின்றான். அந்த நேரம் பார்த்து நிலா என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நான் சிரித்துவிட்டேன். கமரா 'கிளிக்' என்றது.

படங்கள் கழுவி வந்தபோது அந்த ஒன்றில்தான் குகன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கோட் பளபளக்கிறது, பின்னால் தங்க நிற ஏரி. எடுத்ததில் அதற்கு ஒரேயொரு பிரதி. அன்று பின்னேரம் ஒருவர் கொழும்புக்குப் பறக்கிறார். யாராவது பறந்தால் எங்கள் தெரு முழுக்கக் கடிதம் கொடுத்துவிடும். இன்னொரு பிரதி எடுக்க நேரமில்லை. குகன் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தான். நகம் வெட்டுகிற கவனத்தோடு தன்னைத் தனியாக வெட்டி எடுத்தான்.

'உன்ர பக்கம் உனக்கு,' என்று மிச்சத்தை என்னிடம் நீட்டினான். 'நீ நல்லாச் சிரிச்சிருக்கிறாய், மச்சான். மனிசிக்கு அனுப்பு.'

அனுப்பினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிவப்பு மரம், அதன் கீழே நான் வாய்கொள்ளாச் சிரிப்போடு, கையில் ஒரு பிள்ளை, தோளோடு தோளாக ஒரு பெண். கனடாவில் வெற்றிகரமாக வாழும் ஒரு குடும்பத்துக்கு இதைவிட நல்ல படம் யாரும் எடுத்திருக்க முடியாது. என் கண்ணுக்கு அது ஜெகதா அக்காவும் நிலாவும் குகன் வெட்டிப்போட்ட மிச்சமும். படத்தின் இரண்டு துண்டுகளும் ஒரே மனிதரின் பையில், வெவ்வேறு உறைகளில், ஒன்றாகக் கடல் தாண்டின.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், தொலைபேசி. வதனி.

'பதறாதேங்கோ,' என்றாள்.

நண்பரே, என்னைப் போன்றவனிடம் ஒருபோதும் அப்படித் தொடங்காதீர்கள். அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

'விசா நேர்முகத்துக்குப் போனனான். நீங்கள் அனுப்பின படங்கள் எல்லாம் காட்டச் சொன்னவை. அந்தச் சிரிச்ச படத்தையும் குடுத்தனான்.'

'எந்தச் சிரிச்ச படம்?'

'நீங்கள் ஒண்டிலதானே சிரிச்சிருக்கிறீங்கள். அந்தப் பொம்பிளை ஆர், பிள்ளை ஆற்ற எண்டு கேட்டவை. பக்கத்தில ஆரையோ வெட்டிக் கிடக்கு, அது ஆர் எண்டும் கேட்டவை.'

'நீர் என்ன சொன்னனீர்?'

'தெரியாது எண்டன். எனக்குத் தெரியாதுதானே. அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கினம்.' பின்னால் கடல் இரைவது கேட்டது. கடலோ, தொலைபேசிக் கம்பியோ. பிறகு குரலைத் தாழ்த்தி, 'ஆரப்பா அது?' என்றாள்.

நான் இயல்பாகவே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல நான்கு விஷயம் சுற்றுகிறவன். 'அதப்பா... எங்கட சிவமண்ணை இருக்கிறார், அவர் கமரா வைச்சிருக்கிறார், அவருக்குத் தனிய ஆள் நிண்டாப் பிடிக்காது...' என்று தொடங்கினேன். தொடங்கிய இடத்தில் அவளுடைய தொலைபேசி அட்டை முடிந்தது. இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு பல நாட்கள் அந்த லொட்ஜ் தொலைபேசி வேலை செய்யவில்லை. நகரத்தில் எங்கேயோ குண்டு, சோதனை, சுற்றிவளைப்பு. வதனியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களா, அல்லது என்னை நினைத்துக் குமுறிக்கொண்டு அறையில் இருக்கிறாளா, இரண்டில் எதை நான் விரும்ப வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடிதம் எழுதினேன், அது போய்ச்சேர எத்தனை நாளாகுமோ. மெட்ரோவில் விசா அதிகாரியோடு மனதுக்குள் கதைத்துக்கொண்டு போவேன். 'சேர், அது என்னுடைய பிள்ளை இல்லை, சேர்.' மனதுக்குள் என்று நான் நினைத்தது உதட்டுக்கு வந்திருக்க வேண்டும், எதிரே இருந்த பெண் எழுந்துபோய் வேறு பெட்டியில் ஏறினாள். நான் வேலை செய்த உடுப்புத் தொழிற்சாலையில் சின்ன அளவுச் சட்டைகளுக்கெல்லாம் பெரிய அளவு லேபல் குத்தினேன். மனேஜர் ஒரு சட்டையை என் முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் நீண்ட நேரம் பேசினார். பிரெஞ்சு தெரியாதது அன்றைக்கு ஒரு வரம்.

'நான் அப்பவே சொன்னன்,' என்றான் குகன். 'மூண்டு பேர் நிக்கக் கூடாது எண்டு.'

'நாலு பேர்தானடா நிண்டது!'

'என்னை வெட்டினாப் பிறகு மூண்டாப் போச்சே.'

'வெட்டினது நீ!'

'அது வேற கதை.'

அவனுடைய துண்டைத் தேடினோம். இரண்டையும் ஒட்டிக் காட்டினால் கதை முடிந்துவிடுமே. குகன் புரோக்கரை அழைத்தான். புரோக்கர் அதை வவுனியாவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்தார். அந்த வீட்டார் பார்த்துவிட்டு மட்டக்களப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கு அப்பால் தடம் இல்லை. நெகட்டிவ் இருக்குமே என்று சிவமண்ணையின் பிஸ்கட் டப்பாவைக் கிளறினோம். அந்தச் சுருள் மட்டும் இல்லை. கடைசியில் எங்கள் வீட்டிலேயே, இரும்பு ஹீட்டருக்கு மேலே, குகன் வைத்து மறந்த இடத்தில் கிடந்தது. பொரித்த அப்பளம் போல நெளிந்து, தொட்டால் நொறுங்கியது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

'அழாதை தம்பி,' என்றார் சிவமண்ணை. 'திரும்ப எடுப்பம். இந்த முறை நானும் ஜெகதாவும் புருசன் பெண்சாதியா நிக்கிறம். நீ தள்ளி நில்லு, வழிப்போக்கன் மாதிரி. பாக்கிறவனுக்கு ஆர் ஆற்ற ஆள் எண்டு ஒரே பார்வையில விளங்கவேணும்.'

அடுத்த ஞாயிறு அதே ஏரிக்கரைக்குப் போனோம். போன வருடத்து இலைகள் அல்ல, இது மறு வருடத்து இலைகள். விசா விவகாரம் அவ்வளவு ஆறுதலாகத்தான் நகரும். அதுவும் பருவம் முடிந்துகொண்டிருந்தது. மரத்தில் ஓர் எட்டுப் பத்து இலை, மிச்சமெல்லாம் காலுக்குக் கீழே நனைந்து மணக்கிறது. அந்த மணம்தான். நாய் ஒன்றோடு உலாவ வந்த ஒரு கிழவரிடம் சிவமண்ணை கமராவைக் கொடுத்தார். கிழவர் உற்சாகமானவர். இன்னும் கிட்ட நில்லுங்கள், தோளில் கையைப் போடுங்கள் என்று நாய்க்கயிறு பிடித்த கையாலேயே சைகை காட்டினார்.

பிரச்சினை என்னவென்றால், சிவமண்ணையும் அக்காவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து பிறர் பார்க்கத் தொட்டுக்கொண்டு நின்றதே இல்லை.

'சீ, கையை எடுங்கோ. அந்தாள் பாக்குது.'

'பாக்கத்தானேயப்பா வேணும். படமெல்லோ எடுக்கிறார்.'

'தோள் நோகுது.'

'சும்மா நில்லும்! இந்தப் பொடியன்ர வாழ்க்கையப்பா!'

நான் சொன்னபடி பத்தடி தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, முற்றிலும் அந்நியனாக நின்றேன். கிழவர் கமராவை அமத்துகிற நொடியில் நிலா தாயின் கையை உதறிவிட்டு ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கழுவி வந்த படத்தை நாங்கள் நான்கு பேரும் சமையலறை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தோம். ஒரு தடித்த மனிதர் ஒரு பெண்ணைப் பலவந்தமாகப் பிடித்திருக்கிறார். அந்தப் பெண் அவரை முறைக்கிறாள். தூரத்தில் மனமுடைந்துபோன அவளது கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். அவன் காலைப் பிள்ளை விடுவதாக இல்லை.

'அண்ணை,' என்றான் குகன் மெதுவாக, 'இதை அனுப்பினா உங்களைப் பிடிச்சு உள்ள போடுவாங்கள்.'

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை, பிறகு அது சிரிப்பாகவும் இல்லை. ஜெகதா அக்கா எழுந்து போனார். வரும்போது கையில் அவர்களுடைய கல்யாணப் படம், தாலி கட்டுகிற படம். சண்டைக்குள் ஊரை விட்டு ஓடியபோது பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த ஒன்றே ஒன்று. மூலை நான்கும் தேய்ந்திருந்தது.

'இதை அனுப்பு தம்பி. இதில ஆர் மாப்பிள்ளை எண்டு ஆரும் கேட்கமாட்டினம்.'

'அக்கா, இது திரும்பி வருமோ தெரியாது.'

'வராட்டிப் போகட்டும். ஆள் பக்கத்திலதானே கிடக்கு,' என்று சிவமண்ணையைக் காட்டினார். சிவமண்ணை ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

நேரே விசா அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது போய்ச்சேர்வதற்குள் இரண்டாவது நேர்முகம் முடிந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. அந்த வாரங்களை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. பகிடி விட்டுச் சொல்லலாம் என்று தொடங்கிய இடம் இது, பகிடி வரமாட்டேன் என்கிறது. விசா மறுத்தால் அவளுக்குப் போக இடமில்லை. எனக்கும் அங்கே போக வழியில்லை. உலகத்தில் எங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடம் என்று ஒன்று மிச்சமிருக்குமா என்று, தட்டுக் கழுவிக்கொண்டும் சட்டைக்கு லேபல் குத்திக்கொண்டும், கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலை தொலைபேசி அடித்தது.

'விசா குடுக்கலாம் எண்டு சொல்லிட்டினம்,' என்றாள் வதனி.

'அக்காவின்ர படம் அங்க வந்ததோ?'

'எந்த அக்கா? ஒண்டும் வரேல்லை. அதே படத்தைத்தான் திரும்ப எடுத்து வைச்சவை. இது இவற்ர பிள்ளை எண்டா இப்பிடியோ தூக்குவார், வடிவாப் பாருங்கோ எண்டு சொன்னன். அந்தாள் படத்தை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். பேந்து அவருக்கே சிரிப்பு வந்திட்டுது.'

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

'பிள்ளையின்ர சட்டை கழுத்து மட்டும் ஏறிக் கிடக்கு. வயிறு முழுக்க வெளியில. அவ்வளவு குளிருக்க. பெத்தவன் எண்டா இழுத்து விட்டிருப்பான். நீங்கள் கவனிக்கவே இல்லை.'

'நீர் என்னை நம்பினீரோ?'

'முதல் நாள் நம்பேல்லை,' என்றாள். வதனி பொய் சொல்லத் தெரியாதவள். 'பேந்து ஒவ்வொரு நாளும் படத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன். வேற என்ன வேலை எனக்கு? பாத்துப் பாத்துத்தான் விளங்கினது.'

நான் இங்கே ஒரு புதுச் சுருளை வீணாக்கி, ஒரு தம்பதியைப் பகைக்க வைத்து, ஒரு நாய்க்காரக் கிழவரைத் தொந்தரவு செய்து, சாட்சி தயாரித்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே ஒரு கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு, என்னை எனக்கே தெரியாத அளவுக்குப் பார்த்து முடித்திருந்தாள்.

தை மாதத்தில் வந்து இறங்கினாள். வெறும் காலில் செருப்பு. ஜெகதா அக்கா தடித்த கோட் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்; எனக்கு முதல் அவர்தான் அவளைக் கட்டிப்பிடித்தார். நான் பெட்டி தள்ளும் வண்டிலைப் பிடித்தபடி நின்றேன்.

அந்த ஆட்கள் இப்போது எங்கே? சிவமண்ணை குடும்பம் ரொறன்ரோவுக்குப் போய்ப் பல காலம். நிலாவைப் போன வருடம் ஒரு கல்யாணத்தில் கண்டேன். என்னை 'அங்கிள்' என்று ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டுப் போனாள். குகனின் துண்டுப் படம் மட்டக்களப்பில் ஒரு பெண்ணுக்குப் பிடித்துப்போய், அவன் அந்தப் பெண்ணையே கட்டி, இரண்டு பேரும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். அக்காவின் கல்யாணப் படம் கோப்போடு கோப்பாகப் போனது, திரும்பவில்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் படம் கழுவிய கடை கைத்தொலைபேசிக் கடையாகி, பிறகு அதுவும் மூடிவிட்டது. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. என் தொலைபேசிக்குள் எத்தனையோ ஆயிரம் சிவப்பு மரங்கள் கிடக்கின்றன. யாருக்கும் அனுப்ப வேண்டிய தேவை இல்லை, யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்போவதும் இல்லை.

பதற்றம் மட்டும் என்னிடம் குறையவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பனிக்கால டயர் மாற்றப் பிந்தினால் பதறுவேன். பிரெஞ்சில் கடிதம் வந்தால் பதறுவேன். வீட்டில் அது ஒரு நிரந்தரப் பகிடி.

இரண்டு வாரத்துக்கு முன் வதனியும் நானும் மலைப்பக்கம் போனோம். இப்போது படமெடுக்கிற பைத்தியம் அவளுக்கு. 'ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியோடு காட்டுப் பாதையில் இறங்கினாள். நான் காரிலேயே இருந்தேன். சீட்டுக்குச் சூடு போட்டு, சாய்த்து விட்டு, டயர் எங்கே மலிவு என்று தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கண்ணயர்ந்தும் இருக்கலாம். அவள் திரும்பி வந்தபோது வெயில் சரிந்துவிட்டது. சப்பாத்தில் சேறு, முகம் வெளிறிக் கிடந்தது. பாதை மாறிவிட்டதாம். தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லையாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரமாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப்போய், கடைசியில் யாரோ ஒரு பிரெஞ்சுச் சோடிதான் வழி காட்டியதாம்.

'பயந்துபோனன்,' என்றாள் வெளியே நின்றபடி. 'தேடினீங்களோ?'

கண்ணாடியை இறக்கினேன். 'தேடாமல்? அந்தப் பக்கம் எல்லாம் போய்ப் பாத்தனான்.'

அவள் என் பக்கக் கதவோரம் நிலத்தைப் பார்த்தாள். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். அவ்வளவு நேரமாக விழுந்த இலைகள் கதவை ஒட்டி, சக்கரத்தைச் சுற்றி, மெத்தையாகக் கிடந்தன. ஒன்றுகூட மிதிபடவில்லை.

சுற்றிக்கொண்டு போய் மற்றக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

'குளிருது,' என்றாள். 'காரை எடுங்கோ.'